டேப் ஒட்டுவதுதான் பாதி பெயின்ட் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் தங்கள் ஞாயிறு இணைப்பில் மாடல் விமானம் கட்டுவது பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. தமிழில் இதைப் பற்றி யார் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான், அதனால் கையில் இருந்த காபி ஆறிப்போனது தெரியாமல் இரண்டு தடவை படித்தேன். பாகங்களை எப்படி வெட்டி எடுப்பது, எந்தப் பசை போடுவது என்பதெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் பெயின்ட் விஷயத்துக்கு வந்ததும் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரே கேனால் அடியுங்கள், ஸ்டிக்கர் ஒட்டுங்கள், விமானம் தயார் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். சின்ன விமானத்துக்கு அது ஓரளவு சரி. பெரிய அளவு மாடலுக்கு அந்த ஒரே வரிதான் மாதக்கணக்கான வேலை, தவிர அந்த வரியில் விட்டுப்போன ஒன்று உடம்புக்கு ஆபத்து. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இணைப்பைப் படித்துவிட்டு அவளாகவே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு கறுப்பு ஸ்பிரே கேனும், பெயின்டர்கள் வாங்கும் மாஸ்கிங் டேப்பும் வாங்கி வந்து, ஏசி ஓடிக்கொண்டிருந்த படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்திருக்கிறாள். சாயங்காலம் நான் போனபோது அந்த அறையில் நிற்க முடியவில்லை, அவளுக்குத் தலைவலி. டேப்பை உரித்தபோது முதல் நாள் அடித்த வெள்ளை பெயின்ட் இறக்கையிலிருந்து பட்டையாக அதோடு வந்துவிட்டது. "மாமா, பேப்பர்ல போட்டிருந்த மாதிரிதானே செஞ்சேன்" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது சரி.

முதலில் அந்த ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரே கேனிலும், தின்னரில் கரைத்து அடிக்கும் லேக்கர் பெயின்டிலும் இருக்கும் கரைப்பான் ஆவி நுரையீரலுக்கும் மூளைக்கும் கெடுதல், தீயும் பிடிக்கும். கொரோனா காலத்தில் போட்டுக்கொண்ட துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. என்95 கூட பெயின்ட் துளிகளைத்தான் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். கரி அடைத்த, ஆவிக்கென்றே செய்த கேட்ரிட்ஜ் மாட்டிய ரெஸ்பிரேட்டர் வேண்டும், அடிக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. நான் மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்கு வெளியேதான் அடிக்கிறேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் என்றால் வாடை குறைவு, ஆனால் அந்தத் தூசியையும் மூச்சில் இழுக்கக் கூடாது. குழந்தைகள் படிக்கும் இணைப்பு என்பதால் இதை மட்டுமாவது அடுத்த வாரம் ஒரு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

சரி, மாஸ்கிங்குக்கு, அதாவது டேப் ஒட்டி மறைக்கும் வேலைக்கு வருகிறேன். நான் இப்போது கட்டிக்கொண்டிருப்பது இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர், அதன் முதல் ரகமான மார்க் 1. ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் கம்பெனியின் 24-க்கு 1 அளவு, அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்கு. அந்த அளவில் அவர்கள் 1970-இல் வெளியிட்ட முதல் விமானமே இதுதான். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், இந்த மாடலில் கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர் வரும். மூக்கிலிருந்து வால் வரை 38 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையில் வைத்தால் ஒரு ஆள் உட்காரும் இடம் போய்விடும். இதே விமானத்தை 72-க்கு 1 அளவில் கட்டினால் இறக்கை 16 சென்டிமீட்டர்கூட இருக்காது, அதில் கண்ணுக்குத் தெரியாத தப்பெல்லாம் இதில் பளிச்சென்று தெரியும்.

எதற்கு ஸ்பிட்ஃபயர் என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், இருந்தன, மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர். 234-ஆம் ஸ்குவாட்ரன் அதில் ஒன்று, 264-ஆம் ஸ்குவாட்ரன் இன்னொன்று. போர் நிதிக்கு இங்கே வசூலித்து அனுப்பிய பணத்துக்காக வைத்த பெயர். 264 டிஃபயன்ட் விமானம் ஓட்டியது, 234-க்கு ஸ்பிட்ஃபயர். 234-இன் விமானங்களில் பக்கவாட்டில் AZ என்று எழுதி, பிரிட்டிஷ் விமானப்படையின் அடையாளமான வண்ண வட்டத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு எழுத்து இருக்கும். 1940 ஆகஸ்ட் 15 அன்று இந்த ஸ்குவாட்ரனின் AZ-H என்ற விமானத்தை ரிச்சர்ட் ஹார்டி என்ற பைலட் பிரான்சில் ஷெர்பூர் பக்கம் இறக்க வேண்டியதாயிற்று, அவரும் பிடிபட்டார், விமானமும் அதிகம் சேதமில்லாமல் ஜெர்மானியர் கையில் சிக்கியது. அவர்கள் அதைச் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் இருக்கின்றன. அந்தப் படத்தை முதலில் பார்த்த நாளிலிருந்து இதைத்தான் கட்ட வேண்டும் என்று மனதில் இருந்தது. மதராஸ் ஜில்லாக்களில் அணா அணாவாகக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு விமானத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

இந்த விமானத்துக்கு மேலே இரண்டு நிறம், மண் பழுப்பும் கரும்பச்சையும், நெளிந்து நெளிந்து போகும். அடியில் ஸ்கை என்று சொல்லும் வெளிர் பச்சை, 1940 ஜூனில்தான் அந்த நிறத்துக்கு மாறினார்கள், அதற்கு முன்னால் ஒரு இறக்கை கறுப்பு ஒரு இறக்கை வெள்ளை. ஆக மூன்று நிறம், அப்புறம் வட்டங்கள், வால் பட்டை, எழுத்துகள், விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டின் சட்டங்கள். ஒவ்வொரு நிறம் அடிக்கும்போதும் மற்ற எல்லாவற்றையும் மூட வேண்டும். காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் கரும்பச்சை அடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது, அதற்கு மறைப்புப் போட இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

மறைப்புக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்களை அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை, பாத்திரம் தேய்க்கும் திரவம் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். அதன்மேல் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முந்தின அடிப்பூச்சு. லேக்கர் பிரைமர் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு நிற்கும், அதனால் டேப் இழுத்தாலும் வராது. என் மருமகளின் வெள்ளை பெயின்ட் உரிந்து வந்ததற்கு இந்த இரண்டும் இல்லாததுதான் காரணம், கூடவே அந்த டேப்பும். ஹார்டுவேர் கடை டேப் சுவருக்கும் கதவுக்கும் ஆனது, கோந்து அதிகம், ஓரம் சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் அடியில் பெயின்ட் புகுந்துவிடும். மாடலுக்கென்று ஜப்பானில் செய்யும் மஞ்சள் காகித டேப் கிடைக்கிறது, தாமியா கம்பெனியுடையது, 6, 10, 18 மில்லிமீட்டர் அகலங்களில் வரும். விலை கூடத்தான். ஆனால் ஓரத்துக்கு மட்டும் அதைப் போட்டு, மிச்ச இடத்தைச் சாதா காகிதத்தால் மூடினால் ஒரு ரோல் பல மாதம் வரும்.

அந்த மஞ்சள் டேப்பைக்கூட ரோலிலிருந்து எடுத்தபடி ஒட்டக் கூடாது. ரோலின் ஓரத்தில் தூசியும் முடியும் ஒட்டியிருக்கும், அந்த ஓரத்தில் கோடு சுத்தமாக வராது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புது பிளேடால் ஓரத்தை ஒரு மயிரிழை சீவி எடுத்துவிட்டு அப்புறம் ஒட்ட வேண்டும். வளைவு வரும் இடத்தில் அகல டேப் சுருங்கி எழும்பும், அங்கே 2 மில்லிமீட்டர் நாடாவாக வெட்டினால் வளைந்து கொடுக்கும். முதலில் அந்த மெல்லிய நாடாவால் எல்லையைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் அகல டேப், அதற்கும் பின்னால் காகிதம். ஆணித்தலைகள் மேலும் தகடு சேரும் பள்ளங்கள் மேலும் டேப் பாலம் போல நிற்கும். பல்குச்சியின் முனையை மழுக்கிக்கொண்டு அந்த இடங்களில் மெதுவாக அழுத்தினால் டேப்பின் நிறம் கொஞ்சம் கறுத்து, உட்கார்ந்துவிட்டது என்று காட்டும். இதைச் செய்யும்போது ரேடியோ கூட போடுவதில்லை நான்.

இனிமேல் சொல்வதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் கார் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த ஒரு பெயின்டர். அவர் கார் கண்ணாடியை மூட பழைய செய்தித்தாளைத்தான் உபயோகிப்பார், ஒருவேளை தங்கள் நாளிதழாகவும் இருக்கும். நான் அதைப் பார்த்துவிட்டு இறக்கை மேல் செய்தித்தாளைச் சுற்றியபோது, தின்னர் காகிதத்தில் ஊறி எழுத்தின் மை இறக்கையில் அச்சாக ஏறிவிட்டது. காருக்கு இரண்டு மடிப்பு போடுவேன், சின்ன சாமானுக்கு வெள்ளைக் காகிதம் போடு தம்பி என்றார். டேப்பை உரிக்கும் விதத்தையும் அவர்தான் காட்டினார். நேரே மேலே தூக்கக் கூடாது, டேப்பை அதன் முதுகின் மேலேயே மடக்கி, பரப்போடு ஒட்டினாற்போல் பின்னால் இழுக்க வேண்டும், மெதுவாக, புது பெயின்ட் தொட்டால் ஒட்டாத பதத்தில் இருக்கும்போதே. முழுக்க இறுகிவிட்டால் ஓரத்தில் பொரிந்து உடையும்.

அவர் சொன்னதிலேயே உயர்ந்தது இது. டேப் ஒட்டியதும் நேராக அடுத்த நிறத்தை அடிக்காதே, கீழே என்ன நிறம் இருக்கிறதோ அதையே ஓரத்தின் மேல் ஒரு மெல்லிய கோட் அடி. டேப்பின் அடியில் எங்காவது சந்து இருந்தால் அந்த நிறம்தான் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், அது கீழே இருக்கும் நிறமே என்பதால் வெளியே தெரியாது. பிறகு கரும்பச்சை அடித்தால் புகுவதற்கு வழியே இல்லை. முன்னால் கட்டிய ஒரு விமானத்தில் பழுப்பின் ஓரத்தில் பழுப்பையே அடித்துக் காயவிட்டு, மேலே பச்சை அடித்து, டேப்பை உரித்தபோது கோடு பிளேடால் கீறியது போல் இருந்தது. அன்றைக்கு ராத்திரி நாலைந்து தடவை எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

சிலர் இந்த இரண்டு நிறமும் சேரும் இடத்தை டேப் இல்லாமல் ஏர்பிரஷ்ஷால் அப்படியே வரைவார்கள், ஓரம் புகை போல் மங்கலாக வரும். அழகாக இருக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ விமானத்தில் இரண்டு நிறமும் ஓர் அங்குலத்துக்குக் கலந்திருந்தால், 24-இல் ஒரு பங்கில் அது ஒரு மில்லிமீட்டர். கையால் அடிக்கும்போது 4 மில்லிமீட்டர் மங்கினால் நிஜத்தில் 10 சென்டிமீட்டர் மங்கியதாக அர்த்தம், ஒரு உள்ளங்கை அகலம். ஸ்பிட்ஃபயரின் பழைய படங்களில் அந்த எல்லை கூர்மையாகத்தான் தெரிகிறது. அதனால் நான் நெளிவுகளை ஜெராக்ஸ் கடையில் மாடலின் அளவுக்குப் பெரிதாக்கி, காகிதத்தை வெட்டி, அடியில் புளூ டாக் என்ற ஒட்டும் பசையை சப்பாத்தி மாவு போல மெல்லிசாகத் திரித்து வைத்து ஒட்டினேன். காகித ஓரம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், நேர் மேலிருந்து அடித்தால் ஓரம் மிக லேசாக மட்டும் கலங்கும். சாய்த்து அடித்தால் காகிதத்துக்கு அடியில் போய்விடும், அதில் மட்டும் கவனம் வேண்டும்.

அடுத்து ஸ்டிக்கர். தங்கள் இணைப்பில் ஸ்டிக்கர் ஒட்டினால் முடிந்தது என்றிருந்ததே, அதில்தான் எனக்கு முழு மாறுபாடு. பெட்டியில் வரும் நீர் ஸ்டிக்கரை டிகேல் என்போம். சின்ன எழுத்துகளுக்கு, எச்சரிக்கை வாசகங்களுக்கு, அதைவிட்டால் வழியில்லை. ஆனால் இறக்கையின் மேல் இருக்கும் வட்டம் நிஜத்தில் 56 அங்குலம், இந்த மாடலில் 59 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய படலம் ஆணித்தலைகள் மேல் போர்வை மாதிரி கிடக்கும். பள்ளங்களில் இறங்காது, அடியில் காற்று நின்றால் சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளி போல் மின்னும். நிஜ விமானத்தில் அந்த வட்டம் பெயின்ட்தானே, மாடலிலும் பெயின்டாக இருந்தால்தான் பழுப்பு பச்சையோடு ஒரே உடம்பாகத் தெரியும்.

வட்டம் அடிப்பது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. பக்கவாட்டு வட்டத்தில் நான்கு நிறம், நடுவில் சிவப்பு, பிறகு வெள்ளை, நீலம், வெளியே மஞ்சள். விட்டங்கள் 1, 3, 5, 7 என்ற கணக்கில் போகும். 35 அங்குல வட்டம் என்றால் 5, 15, 25, 35. இருபத்து நான்கால் வகுத்தால் 5.3, 15.9, 26.5, 37 மில்லிமீட்டர். வட்டம் வெட்டும் கட்டரில் அகலமான மாஸ்கிங் தாளை வைத்து ஒரே மையத்தில் நான்கையும் வெட்டிக்கொள்ள வேண்டும். கட்டரின் ஊசி மையத்தில் ஓட்டை போடும், அதன் வழியே பெயின்ட் போய்ப் புள்ளி விழும், அதனால் நடுத் துண்டின் முதுகில் சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். முதலில் வெளிச் சட்டத்தை ஒட்டி முழு வட்டத்தையும் வெள்ளையாக அடிக்க வேண்டும், ஏனென்றால் பச்சையின் மேல் நேராக அடித்த மஞ்சளும் சிவப்பும் செத்துப்போய்த் தெரியும். பிறகு மற்ற வளையங்களை அதனதன் இடத்தில் ஒட்டி, ஒரு நிறத்துக்கு ஒரு வளையம் மட்டும் எடுத்து அடித்து, காய்ந்ததும் திரும்ப மூடி, அடுத்ததை எடுக்க வேண்டும். எல்லாம் மெல்லிய கோட், இரண்டு மூன்று தடவை. கனமாக அடித்தால் வளையத்துக்கு வளையம் படிக்கட்டு மாதிரி நிற்கும். கடைசியில் எல்லாவற்றையும் உரிக்கும்போது நான்கு நிறமும் ஒன்றாக வெளியே வரும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு விமானம் கட்டலாம்.

எழுத்துகள் இன்னும் சுலபம், அதிலும் AZ-H கட்டுகிறவர்களுக்கு. A, Z, H மூன்றிலும் வளைவே இல்லை, எல்லாம் நேர்கோடு, டேப் நாடாவும் ஸ்கேலும் போதும். A-வின் நடுவில் வரும் முக்கோணத் துண்டை மட்டும் தனியாக வெட்டி, பிளேடு நுனியில் எடுத்து வைக்க வேண்டும், மூச்சு விட்டால் பறந்துவிடும். அன்றைய எழுத்துகளுக்கு நடுத்தர சாம்பல் நிறம்.

கண்ணாடிக் கூண்டைப் பற்றி ஒன்றே ஒன்று. சட்டங்களின் உள்பக்கம் விமானிக்குத் தெரியும் இடம், அங்கே சாம்பல் கலந்த பச்சை. அதனால் கண்ணாடிகளை மூடிவிட்டு வெளியிலிருந்து முதலில் அந்தச் சாம்பல் பச்சையை அடித்து, அதன்மேல் பழுப்பு பச்சை அடித்தால், உள்ளே எட்டிப் பார்க்கும்போது சரியான நிறம் தெரியும். மறைப்பைக் கண்ணாடியில் ரொம்ப நாள் விட்டு வைக்காதீர்கள். ஒரு மே மாதம் வீட்டில் கல்யாணம் வந்து, டேப் ஒட்டிய கூண்டை மூன்று வாரம் மாடிக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். வெயிலில் கோந்து உருகிக் கண்ணாடியில் பிடித்துக்கொண்டது, புது டேப்பை அழுத்தி அழுத்தி எடுத்துத்தான் அதைப் போக்கினேன், ஒரு நாள் முழுக்க ஆனது.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடமும் இருக்கிறது. குளிர்நாட்டில் எழுதும் குறிப்புகளில் இது வராது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் லேக்கர் அடித்தால், தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் பெயின்டில் இறங்கி, பால் ஊற்றியது போல வெளுத்துப் பூத்துவிடும். ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றுத் தரும் கம்ப்ரஸரில் தண்ணீர் பிடிக்கும் குப்பி கட்டாயம், மழை நாளில் அரை மணிக்கு ஒரு தடவை அதைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. மெதுவாகக் காயும் தின்னர் கலந்தால் ஓரளவு தப்பிக்கலாம். மழை பெய்யும் நாளில் அடிக்காமல் இருப்பது இன்னும் நல்லது. டேப் வெட்டி வைக்கும் வேலைகளை நான் அந்த மாதங்களுக்குத்தான் ஒதுக்குகிறேன்.

இதெல்லாம் அரைப் பக்கத்தில் அடங்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று வாரமாகப் பிரித்துப் போடலாமே என்றுதான் கேட்கிறேன். கோலத்துக்கும் சமையலுக்கும் படம் படமாகப் போட்டு விளக்குகிறீர்கள், மறைப்புப் போடும் ஒவ்வொரு படியையும் அதே மாதிரி படத்தோடு போட்டால், முதல் விமானம் உரிந்து போனதும் பெட்டியை மூடிப் பரணில் போடும் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டாவதைக் கட்டுவார்கள். படங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

என் மருமகளின் விமானத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்கப் பார்த்தேன், பிளாஸ்டிக் இளகியது, அதனால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புக் காகிதம் போட்டு மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். இடையில் அவள் என் ஸ்பிட்ஃபயருக்கு டேப் வெட்டித் தருகிறாள், எனக்கு இப்போது கிட்டப் பார்வை சரியில்லை, அவள் விரல் ஆடுவதில்லை. இடப்பக்கத்து A-வும் Z-உம் அடித்தாகிவிட்டது, A-வின் முக்கோணத்தை எடுத்து வைத்தவள் அவள்தான். H-க்கு டேப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். இன்றைக்கும் மழை பெய்துகொண்டிருப்பதால் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை.